ச்சீ என்றால் ஏழு

அக்டோபர் 26, ஞாயிறு. ஈரோடு

சீனாவுக்குப் போவது முடிவாகிவிட்டது. நான் ஒன்றும் துடித்துக்கொண்டு கிளம்பவில்லை. தரணி டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான், இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார், நான் மட்டும் மாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்?

தரணி என் ஒரே பையன். ஷாங்காயில் நெசவு மிஷின் செய்யும் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. இங்கே நான் பதினான்கு ஜாதகம் வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே யாலான் என்று ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். அவளுடைய அப்பா அம்மா இருப்பது ஷாங்காய்க்குப் பக்கத்தில், ஜூஜியாஜியாவ் என்ற ஊரில். தெரு ஓட வேண்டிய இடத்திலெல்லாம் கால்வாய் ஓடுகிற பழைய ஊராம். பெயரை நாக்குத் தடுக்காமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நவம்பர் ஒன்பதாம் தேதி ஒருநாள் பயணமாக அங்கே போகிறோம். ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான்.

இருந்தாலும் வெறுங்கையோடு போக முடியுமா? அதுவும் நான்? சீர்வரிசைத் தட்டு அலங்காரக் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பட்டுப்புடவையை மயிலாக மடிப்பேன், துண்டை யானையாக மடிப்பேன், வளையலில் கோபுரம் கட்டுவேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பத்துத் தட்டு போதும் என்று வந்தவர்களை, பதினொன்றாக எடுங்கள், இல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே இருபத்தொன்று எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

மாடி வீட்டுக்கு இன்று பெயிண்ட் அடித்து முடிந்தது. வாடகைக்கு விடத்தான் கட்டினோம். சமையல் மேடையை இரண்டு அங்குலம் தாழ்வாகப் போடச் சொல்லியிருந்தேன், கொத்தனார் காரணம் கேட்டார். குடிவருகிறவர்கள் குள்ளமாக இருந்தால் என்ன செய்வதாம்?

அக்டோபர் 30, வியாழன்

இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். இன்று எங்கிருந்தோ ஒரு கொக்கித் தராசைக் கொண்டுவந்து என் பெட்டியை மாட்டித் தூக்கினார்.

"ஏம்மிணி, பிளேன்ல போறமா, லாரியில போறமா?" என்றார்.

தேங்காய், பழம், பச்சை வெற்றிலை எதையும் அங்கே உள்ளே விடமாட்டார்களாம். பச்சைப் பட்டுத்துணியில் வெற்றிலை தைத்தேன், நரம்புகூடத் தெரிகிற மாதிரி. இருபத்தொன்று பதினொன்றாயிற்று.

நவம்பர் 3, திங்கள்

ஒன்பது. அந்தத் தராசைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன். ஷாங்காய்

கடைசியில் ஏழு. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இரண்டு தட்டைக் கழற்றி, வழியனுப்ப வந்த கொழுந்தனாரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. போனால் போகிறது, ஏழும் ஒற்றைப்படைதான். மஞ்சள் குங்குமம், மயில் புடவை, வளையல் கோபுரம், உப்பு, அச்சு வெல்லம், அதிரசம் முறுக்கு, துணி வெற்றிலையும் கொட்டைப்பாக்கும். உப்பும் சர்க்கரையும் இல்லாமல் எங்கள் பக்கம் எந்த நல்ல பேச்சும் தொடங்குவதில்லை.

இங்கே இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பாலிதீன் பையில் வெள்ளையாக ஒரு கிலோ பொடி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதிகாரி பையைத் தூக்கிப் பிடித்து இவரைப் பார்த்தார். பிறகு இவருடைய மீசையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு "யென், யென்" என்றேன். அவர்கள் மொழியில் உப்பு. அதிகாரி சிரித்துவிட்டு மூடச் சொல்லிவிட்டார்.

"அம்மா, உங்களுக்கு எப்படீங் தெரியும்?" என்று தரணி வாயைப் பிளந்தான். டிவியில் கேட்டிருப்பேன் என்றேன். கடையில் ஆள் வராத நேரத்தில் செல்போனில் எட்டுப் பாடம் முடித்ததை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? வணக்கம், நன்றி, டீ, சோறு, உப்பு, சர்க்கரை வரை வந்திருந்தேன். ஒன்பதாம் பாடம் எண்கள். அதற்குள் ஐப்பசி முகூர்த்தம் வந்து கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

யாலான் வந்தாள். "வாங்கோ அத்தே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். தரணி சொல்லிக்கொடுத்தது, அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. வந்தது அவள், நான் தங்கியிருப்பது தரணியின் வீடு, இதில் யார் யாரை வாங்க என்பது? இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது. அவள் நெற்றி என் தோள்வரைதான் வருகிறது. மேடையை இன்னும் ஒரு அங்குலம் குறைத்திருக்கலாம்.

செல்போனில் அவள் அம்மாவைக் காட்டினாள். அந்த அம்மா "நீ ஹாவ்" என்றார். இவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மிணி, எடுத்த எடுப்புல நீ, வா, போன்னு பேசறாங்க?" என்று என் காதில் முணுமுணுத்தார். வணக்கம்தான் சொல்கிறார்கள் என்று நான் விளக்கினேன். எட்டுப் பாடம் வீணாகவில்லை.

சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது தரணி பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணும். யாலானோட அம்மா இன்னும் சரின்னு சொல்லலீங்."

"ரெண்டு வருசமா என்ன பண்ணீட்டு இருந்தாங்களாம்?"

"ஒரே பொண்ணுங்கம்மா. கண்காணாத தொலைவுக்குப் போயிருவாளோன்னு பயப்படறாங்க. நாயித்துக்கிழம உங்களை நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்னு இருக்காங்க. அவங்க வேண்டாம்னா யாலானும் வேண்டாம்னு சொல்லீருவா. எங்கிட்ட முன்னயே சொல்லீட்டா."

இதை அவன் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கென்ன, நான் ஊர் பார்க்க வந்தவள் என்று சொல்லிவிட்டேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மூவரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள்.

நவம்பர் 8, சனி

மழை. துவைத்த துணி காயவில்லை. ஏழு தட்டையும் மூன்று தடவை பிரித்து மறுபடி ஜோடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு. காலை, மெட்ரோ ரயிலில்

ஷாங்காயிலிருந்து ஜூஜியாஜியாவ் வரைக்கும் மெட்ரோவே போகிறது. மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. எங்கள் நாலு பேர் மடியிலும் தட்டுகள். சிவப்பு வலைத்துணி போட்டுக் கட்டியிருப்பதால் எதிரில் இருக்கும் கிழவர் உள்ளே என்ன என்று தெரியாமல் தவிக்கிறார். யாலான் மயிலைக் காட்டினாள், அவர் உடனே படம் எடுத்துக்கொண்டார்.

என் செல்போனில் மாடி வீட்டுப் படம் நாற்பத்து மூன்று இருக்கிறது. பேச்சு வந்தால் காட்டலாம். வராவிட்டால் வேண்டாம்.

மதியம், அவர்கள் வீட்டுப் பின்படியில்

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதனால் முதலில் ஊரைப் பற்றி எழுதிவிடுகிறேன், ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை.

அழகென்றால் அப்படி ஒரு அழகு. கால்வாய்க்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக வீடுகள். வீட்டுக்கு வீடு தண்ணீரில் இறங்கக் கல்படி. ஐந்து வளைவு வைத்த ஒரு பெரிய கல்பாலத்தில் ஏறி இறங்கினோம், முட்டி விட்டுப்போயிற்று. மேலே நின்று பார்த்தால் கீழே படகுகள் வரிசையாகப் போகின்றன. சந்துகள் நம் கோயில் கடைத்தெரு மாதிரி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாது. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் பெண்கள் உட்கார்ந்து பச்சை இலையில் அரிசியைப் பொதிந்து நூல் சுற்றுகிறார்கள். நம் இலைக் கொழுக்கட்டைக்கு அக்கா முறை ஆகும்.

யாலானின் அம்மாவும் அதைத்தான் செய்து விற்கிறார். முன்னால் கடை, உள்ளே வீடு, பின்னால் கால்வாய். அப்பா சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். பின்பக்கம் நின்று ஒற்றைத் துடுப்பை மீன்வால் மாதிரி ஆட்டினால் படகு தானாகப் போகிறது. எங்களை அதில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

வீட்டுப் படியில் இவர் கால் வழுக்கப் பார்த்தது. "மாமா! பாத்து!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். யாலானின் அம்மா திடுக்கிட்டு என்னையும் பார்த்தார், இவருடைய வழுக்கையையும் மீசையையும் பார்த்தார். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவாம். யாலான் விளக்கிச் சொன்னதும் அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு மனசு லேசாகிவிட்டது. நல்ல மனுஷி, எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்தேன்.

டீ கொடுத்தார். புகையில் வாட்டிய பச்சை மொச்சை மாதிரி ஒரு பயறு கொடுத்தார், ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. இவரும் யாலானின் அப்பாவும் படகு பழகக் கிளம்பிவிட்டார்கள். பேச்சு வந்தது, நான் மாடி வீட்டுப் படங்களைக் காட்டினேன். குளியலறை, பால்கனி, தாழ்வான சமையல் மேடை. "இது யாலான் ஒயரத்துக்குங்க" என்று சொல்லி நானே மேடையில் காய் அரிவது மாதிரி அபிநயமும் பிடித்தேன். அந்த அம்மா நாற்பத்து மூன்றையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டு செல்போனை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை. கடைக்கு ஆள் வந்ததால் தரணியும் யாலானும் எழுந்து முன்பக்கம் போனார்கள்.

சரி, தட்டுகளைப் பார்த்தால் முகம் மலரும் என்று ஏழையும் மேசைமேல் வரிசையாக வைத்து வலைத்துணியை எடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு மயில் என் கையில் வந்ததில்லை. அந்த அம்மா ஒவ்வொரு தட்டாக விரல் நீட்டி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கடைசித் தட்டில் விரல் நின்றது. முகம் சுண்டியது. சத்தமாகச் சொன்னார்:

"ச்சீ!"

என் காதால் கேட்டேன். மஞ்சள் குங்குமத்தைப் பார்த்து, உப்பைப் பார்த்து, ராத்திரி பகல் கண்ணைக் கெடுத்துத் தைத்த வெற்றிலையைப் பார்த்து, ச்சீ! சீனமாக இருந்தால் என்ன, தமிழாக இருந்தால் என்ன, அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? பாத்ரூம் வரை போய்வருகிறேன் என்று சைகை காட்டி எழுந்து வந்து இந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை 'அவர்' என்று மரியாதையாக எழுதிவிட்டேன். இனிமேல் 'அவள்'தான். அவள் பெண்ணை அவளே வைத்துக்கொள்ளட்டும். மாடி வீட்டுக்கு ஆயிரம் பேர் வருவார்கள்.

எதிரே இவர் படகு ஓட்டிப் பழகுகிறார். படகு முன்னே போகாமல் ஒரே இடத்தில் வட்டம் அடிக்கிறது. இவர் என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டுகிறார்.

தரணி வருகிறான்.

சாயங்காலம், திரும்பும் ரயிலில்

உட்கார இடம் கிடைத்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

தரணி படியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"அம்மா, ச்சீன்னா ஏழுங்! யீ, அர், சான், ஸு, ஊ, லியூ, ச்சீ. எத்தன தட்டுன்னு எண்ணியிருக்காங்க, அவ்வளவுதான்!"

ஒன்பதாம் பாடம்! முகூர்த்த நேரத்தில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் இந்தப் படியில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் அந்த முகம்?

"ஏழுன்னு எண்ணுனதுக்கு மூஞ்சிய எதுக்கு அப்படிச் சுளிக்கோணும்?" என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். "இவங்க வழக்கத்துல எழவுச் சாப்பாட்டுக்குத்தான் ஏழு வகை வெப்பாங்களாம். நல்ல காரியம்னா எல்லாமே ஜோடி ஜோடியா இருக்கோணும். இப்பத்தான் யாலான் சொன்னா. நான் தட்டை எண்ணிப் பாக்கலீங்கம்மா."

எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று. ஊரிலுள்ள கல்யாணத்துக்கெல்லாம் தட்டு வைக்கிறவள், சொந்தப் பையனின் பேச்சுக்கு எழவுக் கணக்கில் வைத்திருக்கிறேன். வேறொருத்தியாக இருந்தால் வெளியே போ என்றிருப்பாள். அந்த அம்மா எண்ணிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். மேலே 'அவள்' என்று எழுதியதையெல்லாம் 'அவர்' என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது.

உள்ளே போனால் மேசையில் எட்டு இருந்தன. என் ஏழு தட்டுக்குப் பக்கத்தில், ஆவி பறக்கும் இலைப்பொதிகளோடு ஒரு மூங்கில் கூடை. அந்த அம்மா என்னைப் பார்த்து, சரியாகிவிட்டது என்பதுபோல் இரண்டு கையையும் தட்டிக் காட்டினார்.

நல்லெண்ணம்தான். புரிகிறது. ஆனால் எட்டு இரட்டைப்படை! என் கை சும்மா இருக்குமா? கைப்பையிலிருந்து பழனி பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து எட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது. நானும் கையைத் தட்டிக் காட்டினேன்.

அந்த அம்மா டப்பாவைப் பார்த்தார். உள்ளே போய் அந்தப் புகைப்பயறு ஒரு ஜாடி கொண்டுவந்து வைத்தார். பத்து. நான் இவருடைய புதுத் துண்டை எடுத்து நாலே மடிப்பில் யானையாக்கி நிறுத்தினேன். பதினொன்று. யானையைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஆசையாகப் போய்விட்டது, தும்பிக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் போய் ஒரு கிண்ணம் நிறையத் தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறப் பழங்களைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு. நான் விபூதிப் பொட்டலம். அவர் டீத்தூள் டப்பா. பதினான்கில் மேசையில் இடம் தீர்ந்துபோயிற்று. ஆண்கள் படகு பழகி முடித்து அப்போதுதான் உள்ளே வந்தார்கள். இவருக்கு முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஏம்மிணி, இங்கயும் கடை போட்டுட்டியா?" என்றார்.

யாலான் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்தாள். "போதும்! அத்தே, நீங்க சொல்லுங்கோ. எதுக்கு ஒத்தை?" எதற்கு இரட்டை என்று அவள் அம்மாவிடம் சீனத்தில் கேட்டாள்.

நான் முதலில் சொன்னேன். "ரெட்டைன்னா ரெண்டாப் பங்கு பிரிச்சுட்டு அவங்கவங்க வழியப் பாத்துப் போயர்லாம். அத்தோட முடிஞ்சுது. ஒத்தைன்னா ஒண்ணு மிச்சம் நிக்கும். அந்த மிச்சத்துக்காகவாவது மறுக்கா வருவாங்க, போவாங்க. ஒறவு அறாது."

தரணி அதைச் சீனத்தில் சொன்னான். அந்த அம்மா கேட்டுக்கொண்டே யானையின் காதை நீவிவிட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். யாலான் தமிழில் சொன்னாள்.

"அம்மா சொல்றாங்க, ரெட்டைன்னா எல்லாருக்கும் ஜோடி இருக்கும். ஒத்தைன்னா கடைசியில ஒருத்தர் தனியா நிக்கோணும்."

அந்த அம்மா மேசைமேல் இருந்த என் செல்போனைக் காட்டி மேற்கொண்டு ஏதோ சொன்னார். யாலான் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தரணியைப் பார்த்தேன்.

"மாடி வீடு ரொம்ப நல்லா இருக்குதாம்," என்றான். "அங்க அவங்க பொண்ணுக்கு ஒரு கொறையும் வராதாம். யாலானோட அப்பா விடிஞ்சாப் படகுக்குப் போயிருவாங்க. கடையில இலையைச் சுத்தீட்டு, இனி அவங்கதான் ஒத்தையா உக்காந்திருக்கோணும்ங்கறாங்க."

அது என் பயம். ஆறு வருஷமாக, தட்டு ஜோடிக்கும்போதெல்லாம், ஊர்ப் பிள்ளைகள் பெண்டாட்டியோடு வந்து போகும்போதெல்லாம், யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருந்த பயம். அதை இன்னொரு அம்மா எனக்குத் தெரியாத மொழியில் சொல்லிவிட்டார். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அந்த மாடியை நான் வாடகைக்கு விடக் கட்டவில்லை. ஊர் பார்க்கவும் வரவில்லை. என் பையனை அழைத்துப் போக வந்தேன். அவனோடு அந்தப் பெண்ணையும் சேர்த்து.

அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். இலை நூல் அறுத்த தழும்பு விரல் முழுக்க இருந்தது. என் விரலில் ஊசித் தழும்பு. இரண்டு பேரில் ஒருத்தி தனியாக உட்காரத்தான் வேண்டும். எனக்காவது கடையில் நாள் முழுக்க ஆள் வந்துபோகும், பக்கத்துத் தெருவில் கொழுந்தனார் குடும்பம் இருக்கிறது, தொணதொணக்க இவர் இருக்கிறார். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். கைதான் முதலில் வேலை செய்தது.

யானை, பஞ்சாமிர்தம், ஜாடி, விபூதி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்து ஸ்டூலில் வைத்தேன். அந்த அம்மா பதறிப்போனார், நான் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். எட்டு மிஞ்சியதும் நிறுத்தினேன். ஏழு என்னுடையது, ஒன்று அவருடையது. பிறகு தரணியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, வரிசைக் கடைசியில் இருந்த பெஞ்சியில் உட்கார வைத்தேன்.

"ஒம்பது," என்றேன். "என்ற பையன் இங்கயே இருக்கட்டும். வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்து எங்களப் பாத்துட்டுப் போகட்டும். சொல்லு சாமி, அப்படியே சொல்லு."

இவரை நான் கேட்கவில்லை. இவர் துண்டு யானையைக் கையில் எடுத்து, அதைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தரணி சொல்ல வாயெடுத்தான். அம்மா, அம்மா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். யாலான்தான் சொல்ல வேண்டியதாயிற்று, அவளும் பாதியில் இரண்டு தடவை நின்றுவிட்டாள். நான் அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன், எனக்கு வெட்கமாக இல்லை.

சம்பந்தியம்மா எழுந்து வந்தார். மறுபடியும் முதல் தட்டிலிருந்து விரல் வைத்து எண்ணினார். ச்சீ வந்தது, போயிற்று. மூங்கில் கூடைக்கு "பா" என்றார். தரணியின் தலையில் விரலை வைத்து "ஜியூ" என்றார். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அவன் முடியை ஒதுக்கிவிட்டார், என் பையன் தலையை நான் ஒதுக்குகிற மாதிரியே. பிறகு யாலானைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அவனை நெருக்கி அதே பெஞ்சியில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்து ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டு சொன்னார்:

"ஷ்!"

பத்துக்கு அவர்கள் மொழியில் அப்படித்தானாம். யாலானின் அப்பா கை தட்டினார். இவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்.

இருபத்தாறு வருஷத்தில் என் வரிசை ஒருநாளும் இரட்டைப்படையில் முடிந்ததில்லை. கைப்பையில் இன்னும் ஒரு சீப்பும் ஊதுபத்திக் கட்டும் இருந்தன. ஒன்றை எடுத்து வைத்தால் பதினொன்று. சம்பந்தியம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.